தூங்கினவருக்குத் தெரியாது

1979-ல் அத்தி வரதர் வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் குளத்தைவிட்டு வெளியே வந்தபோது எனக்குப் பத்து வயது. நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வெளிவரும் பெருமாள். சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்தவனாக இருந்தாலும் ஆயுளில் இரண்டு முறை சேவிக்கக் கிடைத்தால் பெரிய காரியம். நைனா, அம்மா, தங்கை, நான் நாலு பேரும் இருட்டோடு போய் வரிசையில் உட்கார்ந்தோம். உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் நைனா தூங்கிவிட்டார். மதிலில் சாய்ந்து, வாய் பிளந்து, தெருக்கோடி வரை கேட்கிற குறட்டை. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா முந்தானையை இழுத்து அவர் முகத்துக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த ஒரு பாட்டி, "சிரிக்காதீங்கடி. குந்தின இடத்துல தூக்கம் வர்றதுக்குக் கொடுத்து வச்சிருக்கணும். நான் நல்லாத் தூங்கி பத்து வருஷமாச்சு" என்றாள்.

அந்தப் பாட்டி சொன்னதைத்தான் ஊரே நம்பியது. குறட்டை விடுகிறவன் நிம்மதியாகத் தூங்குகிறவன். உழைத்த உடம்பு அப்படித்தான் சத்தம் போடும். நானும் முப்பது வருஷத்துக்கு மேல் அப்படியே நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை எங்கள் வீட்டில் ஒருவரைக் கொண்டுபோனது என்றே இன்றும் நினைக்கிறேன். இன்னொருவர் கிட்டத்தட்டப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு குழித்தறி இருந்தது. நைனாவுக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று. கோர்வைப் புடவைக்கு ஒற்றை ஆள் போதாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டின் ஊடையும் ஒவ்வொரு இழையிலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்று நாடா ஓடும். நெசவு நெய்கிறவர் குழிக்குள் மிதித்து, தன் கையெட்டும் நாடாக்களை ஓட்டுவார். அந்தக் கோடிக் கரைக்கு ஒரு பையன் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும். எங்கள் தறியில் அந்தப் பையன் நான். பள்ளிக்கூடம் விட்டதும் பையை மாட்டிவிட்டு உட்காருவேன். இன்று ஒரு குழந்தையைத் தறி வேலைக்கு அமர்த்துவது சட்டப்படி குற்றம். அன்று எங்கள் தெருவில் பெரும்பாலான தறியில் ஒரு பையன் இருந்தான்.

அந்தக் கோடியிலிருந்து பார்த்தால் நைனாவின் முகம் நன்றாகத் தெரியும். நாலு மணி வெயில் திண்ணையிலிருந்து இறங்கும் நேரம் மிதி மெதுவாகும். பிறகு நின்றுபோகும். கை நாடாவின் மேலேயே இருக்கும். தலை மட்டும் முன்னால் சரியும். "நைனா" என்பேன். திடுக்கிட்டு, ஒன்றுமே நடக்காதது போல மிதிப்பார். தான் தூங்கினது அவருக்குத் தெரியாது. "கண்ணைத்தான் மூடினேன்" என்று சத்தியம் செய்வார். ஆனால் புடவைக்குத் தெரியும். அந்த இடத்தில் கோர்வை விட்டுப்போயிருக்கும். புடவையை அறுத்துக்கொண்டு போய்க் கொடுத்தால் முதலாளி கரையோரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். ஊசித் துவாரம் போல வெளிச்சம் கசியும். கூலியில் பிடித்துக்கொள்வார்கள்.

நைனா குடிக்கும் தேநீருக்குக் கணக்கில்லை. தறிக்குழி ஓரம் ஒரு சொம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு கண்ணைக் கழுவிக் கழுவி நெய்வார். மூக்குப்பொடி போட்டுப் பார்த்தார். "கும்பகர்ணன்" என்ற பெயர் அவருக்கு முன்னாலேயே சொல்லப்பட்டது. சோம்பேறி என்ற சொல் பின்னால் சொல்லப்பட்டது. அதை அவர் கேட்டுவிட்ட ஒரு நாள் ராத்திரி சாப்பிடாமல் படுத்தார். ஒரு புடவைக்குப் பதினைந்து நாள் குழிக்குள் இடுப்பு ஒடிந்த மனிதர் அவர். சோம்பேறி இல்லை.

ராத்திரியில் நடந்தது வேறு. கூடத்தில் எல்லோரும் வரிசையாகப் படுப்போம். நைனாவின் குறட்டை ஏறிக்கொண்டே போகும். உச்சியில் சட்டென்று அறுந்துவிடும். வீடே அமைதியாகும். அந்த அமைதியில்தான் எனக்கு விழிப்பு வரும். எண்ணத் தொடங்குவேன். பத்து, இருபது, சில சமயம் முப்பதைத் தாண்டும். அவர் நெஞ்சு மேலும் கீழும் ஏறி இறங்கும், ஆனால் மூக்கில் காற்று இருக்காது. பிறகு கிணற்றில் மூழ்கினவன் மேலே வந்தது போல ஒரு பெரிய கேவலோடு மூச்சு திரும்பும். மறுபடி குறட்டை. அம்மா பல ராத்திரி உட்கார்ந்தபடியே இருப்பாள். எண்ணிக்கை நீண்டுபோனால் அவர் தோளைப் பிடித்து உலுக்குவாள். "இன்னாடி, தூங்க விடமாட்டியா?" என்று அவர் சலித்துக்கொள்வார்.

அம்மா இதை எத்தனை பேரிடம் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். பெரியம்மாவிடம், கம்பவுண்டரிடம், காய்ச்சலுக்கு ஊசி போட வந்த வைத்தியரிடம். "ராத்திரில மூச்சு நின்னு நின்னு வருதுங்க." ஒவ்வொருவரும் நைனாவைப் பார்த்து "அப்படியா?" என்று கேட்டார்கள். நைனா "நான் நல்லாத்தான் தூங்கறேன்" என்றார். அத்தோடு விசாரணை முடிந்தது. தூங்கினவரையே சாட்சி கேட்டார்கள். விழித்திருந்தவளை யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை.

1991-ல், ஐம்பத்து மூன்றாம் வயதில், ஒரு விடியற்காலை நைனா எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் "நல்ல சாவு. தூக்கத்துலயே போயிட்டாரு, புண்ணியவான்" என்றார்கள். அம்மா மட்டும், "அன்னிக்கு ராத்திரி நான் கண்ணசந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சாகும்வரை அதைச் சொன்னாள்.

2005-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் திடீர் இதய மரணங்களின் நேரத்தை ஆராய்ந்தார்கள். பொதுவாக அந்த மரணங்கள் காலை விழிப்புக்குப் பிறகு, நண்பகலுக்குள் கூடும். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் உள்ளவர்களுக்கோ அவை நள்ளிரவுக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில் குவிந்திருந்தன. அதைப் படித்த அன்று என்னால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. அம்மா அப்போது உயிரோடு இல்லை. உன் மேல் தப்பில்லை, அது ஒரு நோய், அதற்குப் பெயர் இருக்கிறது என்று சொல்வதற்கு ஆள் இல்லை.

பெயர் ஸ்லீப் ஆப்னியா. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு நாக்கும் உள்நாக்கைச் சுற்றிய சதையும் பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடும். காற்று பத்து விநாடிக்கு மேல் நின்றால் அதை ஒரு தடை என்று எண்ணுவார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறிப்போய் ஒரு சில விநாடி எழுப்பிவிடும். தசை இறுகும், பாதை திறக்கும், மூச்சு வரும். மறுபடி தூக்கம். இப்படி ஒரே ராத்திரியில் நூற்றுக்கணக்கான தடவை எழுந்தாலும் காலையில் ஒன்றுகூட நினைவிருக்காது. எட்டு மணி நேரம் படுத்தவர் தூங்காதவராக எழுந்திருப்பார். ராத்திரி முழுக்க உடம்பு ஓடிய ஓட்டத்தில் ரத்த அழுத்தம் ஏறும், இதயம் தேயும்.

1979-ல் இது உலகத்துக்குத் தெரியாத செய்தி இல்லை. 1965-லேயே பிரான்சிலும் ஜெர்மனியிலும் தூங்குகிறவர்களைக் கருவிகளோடு இணைத்து இந்த மூச்சு நிற்றலைப் பதிவு செய்துவிட்டார்கள். 1981-ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், மூக்கு வழியாகக் காற்றை ஒரே அழுத்தத்தில் செலுத்தினால் தொண்டை மூடாமல் நிற்கும் என்று காட்டினார். நைனா அதற்குப் பிறகு பத்து வருஷம் இருந்தார். அந்தச் செய்தி எங்கள் கூடத்தை எட்டவில்லை.

இனி என் கதை. நான் தறியை விட்டுத் தமிழாசிரியர் ஆனேன். முப்பத்தைந்து வயதிலிருந்தே காலையில் தலை பாரமாக எழுந்திருப்பேன். ராத்திரி மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவேன். சர்க்கரையோ என்று சோதித்தார்கள், இல்லை. தைராய்டு பார்த்தார்கள், இல்லை. சத்து மாத்திரை, டானிக். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை இரண்டாகி மூன்றானது, அழுத்தம் இறங்கவில்லை. ஒரு மருத்துவர், சரியாகத் தூங்கவில்லை என்று நான் சொன்னதைக் கேட்டுத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூச்சு அடைபடுகிறவருக்கு அந்த வகை மாத்திரைகள் பல சமயம் கேடு. தசையை இன்னும் தளர்த்தும், எழுப்பிவிட வேண்டிய மூளையை மந்தமாக்கும். மதுவும் அதையே செய்யும். அந்த மாத்திரையை நான் இரண்டு மாதம் விழுங்கினேன். ஒரு மாலை ஓரிக்கைப் பக்கம் வண்டியில் வரும்போது கண் மூடி, சாலையோர மணலில் விழுந்தேன். கையில் சிராய்ப்போடு போயிற்று. எதிரில் லாரி வந்திருந்தால் மாணவர்கள் எனக்கு ஒரு இரங்கல் கூட்டம் நடத்தியிருப்பார்கள்.

வீட்டில் என் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். "ஏங்க, ராத்திரி மூச்சு நின்னு போகுதுங்க. பயமா இருக்கு." என் அம்மா சொன்ன அதே வாக்கியம். எண்ணிப் பார்த்த பையன் நான். நைனா சொன்ன அதே பதிலைத்தான் அவளுக்குச் சொன்னேன். "நான் நல்லாத்தான் தூங்கறேன்." பதினைந்து வருஷம் அதையே சொன்னேன். என் வாழ்க்கையில் நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடங்களில் இது முதலாவது.

2019-ல் அத்தி வரதர் மறுபடி வந்தார். ஜூலை 1 முதல் 31 வரை சயனக் கோலம், ஆகஸ்ட் முதல் நாளிலிருந்து நின்ற கோலம். படுத்திருக்கும் பெருமாளைச் சேவிக்க நானும் மனைவியும் ஜூலையில் போனோம். 1979-ல் நாங்கள் நடந்து போய் உட்கார்ந்த அதே ஊர் அது என்று நம்ப முடியாத கூட்டம். தடுப்புக் கட்டைகளுக்கு நடுவே மணிக்கணக்கில் நின்றோம். நின்றபடியே நான் தூங்கினேன். கால் மடங்கி, முன்னால் நின்றவர் மேல் சரிந்தேன். மயக்கம் என்று நினைத்து அருகிலிருந்த மருத்துவ முகாமுக்குத் தூக்கிப்போனார்கள்.

அங்கே பணியிலிருந்த மருத்துவர் சின்னப் பெண். ரத்த அழுத்தம் பார்த்தார், சர்க்கரை பார்த்தார். பிறகு, இவ்வளவு வருஷத்தில் எந்த மருத்துவரும் செய்யாததைச் செய்தார். என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம் திரும்பி, "அம்மா, இவர் குறட்டை விடுவாரா? நடுவில் மூச்சு நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்கு முன்னால் அழுதுவிட்டாள்.

சட்டைக் கழுத்து அளவு என்ன என்று கேட்டார். 42 சென்டிமீட்டர். கழுத்து 40-ஐத் தாண்டுவது, ஐம்பதைக் கடந்த வயது, ஆணாக இருப்பது, உடல் பருமன், ரத்த அழுத்தம், பகல் சோர்வு, சத்தமான குறட்டை, மூச்சு நின்றதைப் பிறர் பார்த்திருப்பது என்று எட்டே கேள்விகள். உலகமெங்கும் மருத்துவர்கள் கேட்பவை. கருவி வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம், இரண்டு நிமிஷம் போதும். பகல் தூக்கத்தை அளக்கவும் ஒரு வினாத்தாள் உண்டு. மெல்போர்னில் மர்ரே ஜான்ஸ் என்பவர் உருவாக்கி 1991-ல் வெளியிட்டது. படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, காரில் பயணியாக ஒரு மணி நேரம் உட்காரும்போது, மதிய உணவுக்குப் பின், இப்படி எட்டு நிலைகளில் கண்ணசரும் வாய்ப்பு எவ்வளவு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எனக்கு 19 வந்தது. மர்ரே ஜான்ஸ் இதை வெளியிட்ட 1991 நைனா இறந்த வருஷம்.

சென்னையில் ஒரு ராத்திரி சோதனைக்குப் போனேன். ஒரு ராத்திரி என்றதும், நான் வண்டியோடு விழுந்த ஓரிக்கை நினைவுக்கு வந்தது. அதற்கு அந்தப் பெயர் வந்த கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பல்லவ மன்னன் திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணனை நாடு கடத்த, ஆழ்வாரும் உடன் புறப்பட, அவர் சொன்னபடி திருவெஃகாப் பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனார். அவர்கள் ஒரு ராத்திரி தங்கிய இடம் ஓரிரவு இருக்கை, அதுவே ஓரிக்கை. திரும்பி வந்து படுத்தபோது மாறிப் படுத்தார் என்பதால் இன்றும் திருவெஃகாவில் பெருமாள் மற்ற தலங்களுக்கு மாறான திசையில் கிடக்கிறார். பெருமாள் எந்தப் பக்கம் தலை வைத்திருக்கிறார் என்பதற்குக் காரணம் தெரிந்த ஊர் எங்கள் ஊர். நைனா எப்படித் தூங்குகிறார் என்று கேட்கத்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

சென்னையில் அந்த ஓர் இரவில் தலையில் பசை தடவி ஒயர் ஒட்டினார்கள். கண்ணோரம், தாடை, கால் என்று ஒயர்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, மூக்கடியில் மெல்லிய குழாய், விரலில் ஆக்சிஜன் கவ்வி, மேலே கேமரா. இத்தனையோடு தூக்கம் வருமா என்று நினைத்தேன். வந்தது. வலி எதுவும் இல்லை. காலையில் அறிக்கை: மணிக்கு 46 தடைகள். மணிக்கு ஐந்துக்குக் கீழ் என்றால் கவலை இல்லை. பதினைந்து வரை லேசானது. முப்பதைத் தாண்டினால் கடுமை. ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 71 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. ஒருமுறை 58 விநாடி மூச்சே இல்லை. என் மனைவி பதினைந்து வருஷமாகச் சொன்னதை ஒரு இயந்திரம் தாளில் அச்சடித்துக் கொடுத்த பிறகுதான் நான் நம்பினேன்.

இப்போது ராத்திரி சிபாப் என்ற கருவியின் முகமூடியைப் போட்டுத் தூங்குகிறேன். காற்றுதான், மருந்து எதுவும் இல்லை. முதல் பத்து நாள் பிடுங்கி எறியத் தோன்றும், தாண்டிவிட வேண்டும். இரண்டாம் வாரம் ஒரு காலை விழித்தபோது தலை பாரம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே காக்கை கத்தியது தெளிவாகக் கேட்டது. நைனா இப்படி ஒரு காலையைக்கூட அறியாமல் போனாரே என்று அன்று அழுதேன். மூன்று மாத்திரை ஒன்றானது. கருவிக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு நெசவாளியால் அது முடியாது. முடியவேண்டும்.

அம்மாவின் கால் குடைச்சலையும் இப்போது வேறு மாதிரி பார்க்கிறேன். பகலெல்லாம் ராட்டையில் தார் சுற்றுவாள். படுத்ததும் கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்று புரளுவாள். எங்களைக் காலில் ஏறி மிதிக்கச் சொல்வாள். எழுந்து நடந்தால் அடங்கும், படுத்தால் திரும்பும். இதுவும் பெயருள்ள தூக்கக் கோளாறு. பெண்களுக்கு அதிகம், உடம்பில் இரும்புச் சத்து குறைந்தால் கூடும். ரத்தத்தில் ஃபெரிட்டின் அளவைப் பார்த்து, குறைவாக இருந்தால் அதைச் சரி செய்வதே முதல் சிகிச்சை. எங்கள் தெருவில் எத்தனை பெண்கள் ராத்திரி எழுந்து நடந்தார்கள்! அமுக்குவான் பேய் என்று தலைமாட்டில் இரும்பை வைத்துப் படுத்தவர்களுக்கும் விளக்கம் உண்டு. கனவுத் தூக்கத்தில் உடம்பு அசையாதபடி மூளை கட்டிவைக்கும். கட்டு அவிழ்வதற்கு முன் விழிப்பு வந்துவிட்டால் மார்பில் யாரோ உட்கார்ந்த பயம். எப்போதாவது வந்தால் கேடில்லை. ஆனால் வயதானவர் கனவில் நிஜமாகவே கையை வீசி அடித்தால், உதைத்தால், நரம்பு மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள். பார்க்கின்சன் நோய் பல வருஷம் முன்னதாகவே அப்படி அறிகுறி காட்டக்கூடும். வாயால் மூச்சு விட்டுக் குறட்டை விடும் குழந்தைக்கு டான்சில், அடினாய்டு வீங்கியிருக்கலாம். வகுப்பில் அந்தக் குழந்தையை மக்கு என்று சொல்லிவிடுகிறோம். ஆசிரியனாக நானும் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் தெருவில் இப்போது தறிச் சத்தம் குறைந்துவிட்டது. பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனிப் பேருந்தில் போகிறார்கள். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. பேருந்து முழுக்கத் தூங்கும் தலைகள். பகலில் தூங்க வீட்டில் இருட்டான அறை கிடையாது. சோர்வு வேலையால் என்று அவர்களும் நினைக்கிறார்கள், நைனா நினைத்தது போலவே. 2023-ல் வெளிவந்த எய்ம்ஸ் ஆய்வாளர்களின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் வேலை செய்யும் வயதில் சுமார் 10 கோடி பேருக்கு ஸ்லீப் ஆப்னியா இருக்கிறது. ஆண்களில் 13 சதவீதம், பெண்களில் 5.

2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர்கள் வீடு வீடாக வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். எங்கள் தெருவுக்கும் வருகிறார்கள். மாத்திரை மேல் மாத்திரை போட்டும் அழுத்தம் இறங்காதவர் வீட்டில் அவர்கள் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். அதையும் நோயாளியிடம் கேட்க வேண்டாம், அவர் பக்கத்தில் படுப்பவரிடம் கேட்கட்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் ஒரு தூக்கப் பரிசோதனைப் படுக்கை வேண்டும். வீட்டிலேயே கட்டிக்கொண்டு படுக்கும் சின்னக் கருவிகளும் வந்துவிட்டன. கருவியின் செலவைக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும். அரசை நான் கேட்பது இவ்வளவுதான்.

உங்களைக் கேட்பது அதைவிடச் சிறியது. இன்று ராத்திரி உங்கள் வீட்டில் யாருடைய குறட்டையாவது நடுவில் அறுந்து அமைதியானால், கைப்பேசியில் இரண்டு நிமிஷம் பதிவு செய்யுங்கள். காலையில் அவரிடம் போட்டுக் காட்டுங்கள். மருத்துவரிடம் அவர் தனியாகப் போக வேண்டாம். நீங்களும் கூடப் போய்ச் சொல்லுங்கள்.